பதினோராவது பொருத்தம்

(‘திரைக்காதலில் நம் நெஞ்சில் நிற்பது பொருத்தமான ஜோடியா? பொருந்தாத ஜோடியா?’ என்ற தலைப்பில் கோவளத்தில் நடந்த பட்டிமன்றத்தில், ‘பொருந்தாத ஜோடியே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

 

நடுவர் அவர்களே, ‘கோவளத்துல பட்டிமன்றம்’னு வீட்டுல சொன்னேன். என் வீட்டுக்காரர் உடனே, “கேரளாவுக்கா? நாலு நாள் லீவு போடணுமே”ன்னார். “அந்தக் கோவளம் இல்லீங்க”ன்னேன். “ஓ, கன்னியாகுமரி பக்கத்துல ஒண்ணு இருக்கே, அதுவா?”ன்னார். “அதுவும் இல்லீங்க. நம்ம தாம்பரத்துல கிளம்பினா வண்டலூர், கேளம்பாக்கம் வழியா வந்து சேர்ந்துடலாமே, அந்தக் கோவளம்”னேன். “அட, இதுவா! அப்ப ராத்திரி சமையல் பண்ணிட்டே போயிடலாமே”ன்னார். (சிரிப்பு)

பாருங்கள், பேர் ஒண்ணு, ஊர் மூணு. வெறும் பேர்ப்பொருத்தம் பார்த்து பஸ் ஏறினவன் எந்தக் கடற்கரையில் போய் இறங்குவான்னு யாருக்குத் தெரியும்? பொருத்தத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊர்ப் பெயரே சாட்சி. (கைதட்டல்)

எதிரணியிலே பேசிய அம்மையார் அழகாகச் சொன்னார்கள். “ஜோடின்னா ஜாடிக்கேத்த மூடி மாதிரி இருக்கணும்” என்றார்கள். உண்மைதான் அம்மா. ஆனால் ஜாடிக்கேத்த மூடி எதற்கு? ஊறுகாய் கெடாமல் இருப்பதற்கு. ஊறுகாய்க்கு அது போதும். கதைக்குப் போதாது. அவனும் நல்லவன், அவளும் நல்லவள். அவனுக்கும் காபி பிடிக்கும், அவளுக்கும் காபி பிடிக்கும். ரெண்டு வீட்டுக்கும் சம்மதம். இதைப் படம் எடுத்தால் இடைவேளை எங்கே விடுவது? முறுக்கு விற்கிறவர் என்ன ஆவார்? (சிரிப்பு)

நடுவர் அவர்களே, எங்கள் கட்சிக்கு முதல் சாட்சி இங்கேயிருந்து கொஞ்ச தூரத்தில் தெற்கே நின்றுகொண்டிருக்கிறார். திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள். திருமங்கையாழ்வார் பாடிய திவ்ய தேசம். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் எல்லாம் தேடி வருகிற சந்நிதி. மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிராகாரம் சுற்ற வேண்டும். அந்த மாலையைப் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் ஜோடியாகத் திரும்பி வரவேண்டும்.

சரி, கல்யாண வரம் கொடுக்கிற அந்தப் பெருமாள் எப்படி இருக்கிறார்? ஆதிவராகர். மாப்பிள்ளைக்கு வராக முகம். இடப்பக்கத்திலே தாயார். இடப்பக்கம் தாங்கியதால்தான் திரு இட எந்தை, திருவிடந்தை என்று சொல்வார்கள். காலவ முனிவருடைய முந்நூற்றறுபது பெண்களையும் நாளுக்கு ஒருத்தியாகக் கல்யாணம் பண்ணிக்கொண்டார் என்பது தலபுராணம். இன்றைக்கு ஒரு தரகர் இந்த மாப்பிள்ளையின் போட்டோவையும் இந்த விவரத்தையும் கொண்டுவந்து கொடுத்தால், நம்மில் எத்தனை பேர் ஜாதகம் வாங்குவோம்? ஆனால் ‘எனக்கு நல்ல வரன் கொடு’ என்று கேட்பதற்கு அவரிடம்தான் போகிறோம்! கல்யாணத்துக்கே சாமியாக நம் முன்னோர்கள் யாரை வைத்திருக்கிறார்கள் பாருங்கள். பார்வைக்குப் பொருந்தாத ஜோடியை வைத்திருக்கிறார்கள். (பலத்த கைதட்டல்)

அடுத்த சாட்சி, நம்ம முருகன். தமிழ்நாட்டின் முதல் காதல் நகைச்சுவைப் படம் எது என்று கேட்டால், நான் வள்ளி திருமணம் என்றுதான் சொல்வேன். தினைப்புனத்திலே கவண் வீசுகிற குறமகள். எதிரே வந்து நிற்கிறவர் வேடன். அவள் அப்பா வந்தால் வேங்கை மரம். பிறகு பல் போன கிழவர். தேனும் தினைமாவும் கேட்கிறார், விக்கல் எடுக்கிறார், தண்ணீர் கேட்கிறார். ஒன்றும் நடக்கவில்லை என்றதும் அண்ணனை யானையாக வரச்சொல்லிப் பயமுறுத்துகிறார். மாறுவேஷம், பொய், கூடவே உதவிக்கு ஒரு ஆள். இந்த மூன்றும் இல்லாமல் இன்றுவரை ஒரு காதல் காமெடிப் படம் வந்திருக்கிறதா?

நம்ம தாம்பரத்துக்குப் பக்கத்திலே பம்மல் இருக்கிறது. அந்த ஊரின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்ட பம்மல் சம்பந்த முதலியார், 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கித் தமிழ் நாடகத்தைப் படித்தவர்கள் மதிக்கும்படி செய்தவர். அவர் எழுதிய ‘சபாபதி’, 1941-இல் ஏ.வி.மெய்யப்பன் தயாரிப்பில் படமாக வந்தது. டி.ஆர்.ராமச்சந்திரன் மக்கு ஜமீன்தார். மனைவி புத்திசாலி. வேலைக்காரன் சபாபதியாகக் காளி என்.ரத்தினம். எண்பது வருஷம் தாண்டியும் அந்தப் படத்தைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ரெண்டு பேருமே புத்திசாலியாக இருந்திருந்தால்? அது படிப்பு நிலையம் நடுவர் அவர்களே, படம் இல்லை! (சிரிப்பு)

‘பொருத்தம் வேணும், பொருத்தம் வேணும்’ என்று கேட்ட ஒரு மாப்பிள்ளையைப் பற்றியும் படம் வந்தது. விசுவின் ‘மணல் கயிறு’, 1982. எஸ்.வி.சேகர் எட்டு கண்டிஷன் போடுகிறார். நாரதர் நாயுடு என்கிற தரகர், எட்டும் சரியாக இருக்கிறது என்று சொல்லிக் கல்யாணத்தை முடித்துவிடுகிறார். அப்புறம் பார்த்தால் எட்டில் ஒன்றும் இல்லை. கண்டிஷன் போட்டுக் காதலைக் கட்டுவது மணலில் கயிறு திரிக்கிற வேலை. படத்தின் தலைப்பே அதுதானே!

பம்மல் என்றதும் இன்னொரு படம் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். ‘பம்மல் கே.சம்பந்தம்’, 2002. மௌலி இயக்கம், கிரேசி மோகன் வசனம். கல்யாணமே வேண்டாம் என்கிற ஸ்டன்ட் நடிகர் கமலஹாசன். ஆம்பிளைகளே வேண்டாம் என்கிற டாக்டர் சிம்ரன். ஆபரேஷன் செய்யும்போது தன் கைக்கடிகாரத்தை அவர் வயிற்றுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடுகிறார். எதிரணி நண்பர்களே, ‘மனசுக்குள்ள இடம் பிடிச்சிட்டா’ன்னு எல்லாக் காதலனும் சொல்வான். வயிற்றுக்குள்ளே ஒரு பொருளைக் கொடுத்துவைத்த காதலி இவர் ஒருத்தர்தான்! (சிரிப்பு)

2023-இல் ‘குட் நைட்’ என்று ஒரு படம். வில்லன் கிடையாது, அரிவாள் கிடையாது. மாப்பிள்ளை விடுகிற குறட்டைதான் வில்லன். மணிகண்டன் குறட்டை விடுகிறார், புதுப்பெண் தூக்கமில்லாமல் தவிக்கிறாள். ஜோசியர்கள் பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை. இதில் எங்கேயாவது குறட்டைப் பொருத்தம் இருக்கிறதா? முப்பது வருஷம் ஒரே அறையில் படுக்கப்போகிறவர்களுக்கு அதுதானே முதலில் பார்க்க வேண்டியது!

இப்படிச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் ஏன் சிரிக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். இந்தப் படங்களுக்கெல்லாம் ஒரே பாதைதான். ஒத்துவராத ரெண்டு பேரை ஒரு பொய்யோ, ஒரு விபத்தோ ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்து விடுகிறது. வேறு வழியில்லாமல் ஒருவரை ஒருவர் கவனிக்க ஆரம்பிக்கிறார்கள். 1934-இல் அமெரிக்காவில் பிராங்க் காப்ரா எடுத்த ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’ படத்திலே, பணக்காரப் பெண்ணும் வேலை போன பத்திரிகைக்காரனும் ஒரே அறையில் தங்க வேண்டியிருக்கிறது. நடுவிலே கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிடுகிறார்கள். ஐந்து பெரிய ஆஸ்கர் பரிசு வாங்கிய படம் அது. அந்தப் போர்வை எப்போது விழும் என்பதுதான் மொத்தக் கதையும். பொருத்தமான ஜோடிக்கு அந்தப் போர்வையே தேவையில்லை. போர்வை இல்லாவிட்டால் அந்தப் பக்கம் இருப்பவர் யார் என்ற ஆவலும் இல்லை.

என் வீட்டையே சொல்கிறேன். என் வீட்டுக்காரர் ரயில் வருவதற்கு அரைமணி முன்னால் தாம்பரம் ஸ்டேஷனில் போய் நிற்கிறவர். நான் ரயில் நகர ஆரம்பித்ததும் மாடிப்படியில் இறங்குகிறவள். கல்யாணமான புதிதில் இதற்காகத் தினமும் சண்டை. இப்போது என்ன நடக்கிறது? அவர் முன்னாலேயே போய் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறார். நான் வீட்டைப் பூட்டி, கேஸ் மூடி, அவர் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வருகிறேன். ரெண்டு பேரும் என்னை மாதிரி இருந்தால் ரெண்டு பேருமே ரயிலை விட்டிருப்போம். ரெண்டு பேரும் அவரை மாதிரி இருந்தால் அந்த மூக்குக்கண்ணாடி இன்றைக்கும் வீட்டில்தான் இருக்கும். (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணித் தோழர் ஒரு கேள்வி கேட்டார். நியாயமான கேள்வி. “வேண்டாம் என்கிற பெண்ணை ஹீரோ துரத்தித் துரத்திப் போகிறானே, அதுவும் பொருந்தாத ஜோடிதானே, அதையும் ஆதரிக்கிறீர்களா?” என்றார். இல்லை ஐயா. துரத்துவது வேறு, பொருந்தாமல் இருப்பது வேறு. நான் சொன்ன ஜோடிகளிலே ரெண்டு பேருக்கும் வாய் இருக்கிறது. அவன் ஒன்று சொன்னால் அவள் ரெண்டு சொல்வாள். துரத்துகிற படத்தில் அவள் பேச்சுக்கே மதிப்பில்லை. பெண்களைத் தொல்லை செய்வதைத் தடுக்க 1998-இல் இந்த மாநிலத்தில் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தப் படங்களை உங்கள் கணக்கிலும் எழுத வேண்டாம், எங்கள் கணக்கிலும் எழுத வேண்டாம். குப்பைக் கணக்கில் எழுதுங்கள். (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, இனி நான் சொல்லப்போவதுதான் என் வழக்கு. சாட்சி, ‘மிஸ்ஸியம்மா’.

1955-இல் வந்த படம். விஜயா புரொடக்‌ஷன்ஸ், எல்.வி.பிரசாத் இயக்கம். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பட்டதாரிகளான கணவன் மனைவி ஆசிரியர்களாக வேண்டும். வேலையில்லாத பாலு, ஜெமினி கணேசன். கடன் தொல்லையில் இருக்கும் மேரி, சாவித்திரி. அவன் இந்து, அவள் கிறிஸ்தவப் பெண். வேலைக்காகக் கணவன் மனைவி என்று பொய் சொல்லி வந்து சேருகிறார்கள். அவள் கோபமும் அவன் குறும்பும் சேர்ந்து படம் முழுக்கச் சிரிப்பு. சண்டை போட்டுக்கொண்டே மனசு மாறுகிறது. கடைசியில் என்ன ஆகிறது? துப்பறியும் தங்கவேலு கண்டுபிடித்துவிடுகிறார். மேரி மேரியே இல்லையாம்! அந்தப் பள்ளிக்கூடம் நடத்துகிற ஜமீன்தாரின், சின்ன வயசில் காணாமல் போன மகள் மகாலட்சுமியாம்! எல்லோருக்கும் மூச்சு வந்தது. மாலை மாற்றிக்கொண்டார்கள். சுபம்.

எதிரணியினர் உடனே எழுந்திருப்பீர்கள். “பார்த்தாயா, கடைசியில் பொருத்தம் வந்துதானே சேர்ந்தார்கள்?” என்பீர்கள். இருங்கள். அதைத்தான் நான் கேட்கிறேன். காதல் எப்போது வந்தது? யார் மேலே வந்தது? பாலுவுக்குக் காதல் வந்தது மேரி மேலே. கொட்டகையில் உட்கார்ந்திருந்த நமக்கும் பாசம் வந்தது மேரி மேலே. மகாலட்சுமி வந்தது கடைசி ரீலில்! அதுவரை சிரித்ததும் உருகியதும் யாருக்காக? பொருந்தாத ஜோடிக்காக. (பலத்த கைதட்டல்)

அப்புறம் ஏன் அந்தக் கடைசி ரீல்? பயம், நடுவர் அவர்களே, பயம். அதற்கு முந்தைய வருஷம்தான், 1954-இல், நாடாளுமன்றம் சிறப்புத் திருமணச் சட்டத்தை நிறைவேற்றியது. அவன் இந்துவாகவே இருக்கலாம், அவள் கிறிஸ்தவளாகவே இருக்கலாம். யாரும் மதம் மாற வேண்டாம். முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுத்துப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டால் புருஷன் பொண்டாட்டி. சட்டம் துணிந்துவிட்டது. சினிமா துணியவில்லை. சினிமா பயந்தது என்றால் யாருக்குப் பயந்தது? டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த நமக்கு. நம் தாத்தா பாட்டிக்கு.

இது பழைய பழக்கம். குறமகள் வள்ளியை முருகன் மணந்தார் என்று சொன்ன அதே புராணம், ‘அவள் திருமாலின் மகள்தான்’ என்றும் ஒரு விலாசம் கொடுத்துவிடுகிறது. நம்ம கதை சொல்லிகள் வேறு எல்லா வித்தியாசத்தையும் தாண்டுவார்கள். ‘காதலிக்க நேரமில்லை’யிலே, 1964-இல், ஸ்ரீதர் பண வித்தியாசத்தைத் தாண்டினார். முத்துராமன் பணக்கார அப்பாவாக வேஷம் போட்டார், பாலையா ஏமாந்தார், நாம் வயிறு வலிக்கச் சிரித்தோம். குணம் வித்தியாசமா, தாண்டலாம். குறட்டையா, தாண்டலாம். ஆனால் சாதி, மதம் என்று வந்தால் மட்டும் கடைசி ரீலில் ஒரு மகாலட்சுமியைத் தேட ஆரம்பித்துவிடுவோம்.

சினிமாவில் தேடினால் பரவாயில்லை. வீட்டில் தேடுகிறோமே! 2016 மார்ச் மாதம், உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், அத்தனை பேர் பார்க்க, காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு இளைஞனை வெட்டிக் கொன்றார்கள். பக்கத்தில் நின்ற மனைவியையும் வெட்டினார்கள். அவர் உயிர் பிழைத்தார். அவர்கள் செய்த குற்றம், சாதி வேறு. நடுவர் அவர்களே, 2004-இல் பாலாஜி சக்திவேல் ‘காதல்’ படத்திலே மதுரைப் பெண்ணையும் மெக்கானிக் பையனையும் காட்டினார். முதல் பாதி முழுக்கச் சிரித்தோம். கடைசியில் அந்தப் பையன் சிக்னலில் நின்ற நிலையைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதோம். அழுதுவிட்டு வீட்டுக்கு வந்து, மகளிடம் கைபேசியைக் கொடு, யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டோம். கொட்டகையில் பொருந்தாத ஜோடிக்குக் கைதட்டுகிற கை, வீட்டு வாசலில் ஏன் ஓங்குகிறது? அந்த ரெண்டும் ஒரே கைதானே?

இந்தக் கோவளத்தைப் பாருங்கள். மாதா கோயிலும் இருக்கிறது. தர்காவும் இருக்கிறது. கொஞ்சம் தள்ளிப் பெருமாளும் இருக்கிறார். இந்தப் பக்கம் முட்டுக்காட்டு உப்பங்கழி. மழைக்காலத்தில் மேலேயிருந்து வருகிற நல்ல தண்ணீரும், கடலிலிருந்து ஏறுகிற உப்புத் தண்ணீரும் முகத்துவாரத்தில் சேருகின்றன. ‘நீ என்ன தண்ணீர், உன் பூர்வீகம் என்ன’ என்று ஒன்றையொன்று கேட்பதில்லை. இந்த ஊர் மீனவர்களைக் கேட்டுப் பாருங்கள். ரெண்டு தண்ணீரும் கலக்கிற இடத்தில்தான் இறால் நன்றாக வளரும் என்று சொல்வார்கள். (பலத்த கைதட்டல்)

அதனால் எதிரணி நண்பர்களே, நான் பத்துப் பொருத்தத்தையும் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள். பதினோராவதாக ஒன்றையும் பாருங்கள். இவர்கள் ரெண்டு பேரும் சண்டை போட்ட பிறகு சேர்ந்து சிரிக்கிறார்களா? அது எந்த ஜாதகக் கட்டத்திலும் இல்லை. சேர்ந்து வாழ்ந்தால்தான் தெரியும். நம் மனத்தில் நின்ற படங்கள் எல்லாம் அந்தப் பதினோராவது பொருத்தத்தை நமக்குக் காட்டிய படங்கள்தான். பொருத்தமான ஜோடியின் படத்தில் அதைக் காட்ட இடமே இல்லை. அங்கேதான் சண்டையே இல்லையே!

கடைசியாக ஒன்று. இங்கே வந்திருக்கிற அப்பாக்களே, அம்மாக்களே, உங்கள் வீட்டு வாசலில் நாளைக்கு ஒரு மேரி வந்து நிற்கலாம். ஒரு பாலு வந்து நிற்கலாம். துப்பறிய தங்கவேலு வரமாட்டார். காணாமல் போன மகாலட்சுமி என்று யாரும் கண்டுபிடித்துச் சொல்லமாட்டார்கள். மேரி மேரியாகவேதான் இருப்பாள். அவளை மேரியாகவே உள்ளே கூப்பிடுங்கள். அன்றைக்கு நீங்கள் பார்ப்பீர்கள், 1955-இல் நம் சினிமா எடுக்கத் தயங்கிய கடைசி ரீலை.

திரையிலே நம் நெஞ்சில் நிற்பது பொருந்தாத ஜோடியே, வீட்டிலே நாம் வாழ வைக்க வேண்டியதும் அவர்களையே என்று நல்ல தீர்ப்பை வழங்குமாறு நடுவர் அவர்களை வேண்டிக்கொள்கிறேன்.